தடிமன்

லுவானுக்கு மூன்று வயது.
வியாழன் அவன் மூக்கைத் துடைத்துவிட்டேன்.
காப்பகத்தில் எல்லா மூக்கையும் நான்தான் துடைக்கிறேன்.
வெள்ளி பின்னேரம் தம்பி வீட்டுக்குப் போனேன்,
மருத்துவமனையால் வந்து அவனுக்கு மூன்று கிழமை.
கை கழுவினேன். முகமூடி போட்டேன்.
ஒரே ஒருமுறை, தண்ணீர் குடிக்க,
தாடைக்கு இறக்கினேன்.
சனி இரவு என் தொண்டையில் கரகரப்பு.

அந்த ஒரு மிடறைத்தான்
நான்கு நாளாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன்.

பாசலில் இன்று மழையுமில்லை, பனியுமில்லை,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று விழுகிறது.
மறுபடியும் அதே கட்டடம், அதே ஐந்தாம் மாடி.
என்னை உள்ளே விடமாட்டார்கள். முற்றத்தில் நிற்கிறேன்.
இடமிருந்து ஆறாவது சன்னலில்
பகீரதன் கையை உயர்த்துகிறான்;
அல்லது திரைச்சீலையை இழுக்கும் தாதியோ.

கைப்பேசியில்:
"அக்கா, உனக்கு இப்ப எப்பிடி இருக்கு?"

எனக்கென்ன, மூக்கால் ஓடுகிறது, அவ்வளவுதான்.
கொத்தமல்லித் தண்ணீர், ஒருநாள் படுக்கை,
வியாழன் டிராம் ஏறி வேலைக்குப் போய்விடுவேன்.
இதே கிருமி
அவன் நெஞ்சுக்கு இறங்கினால் என்னவென்று கேட்டபோது
வைத்தியர் ஏபிஷர் வாக்கியத்தைப் பாதியில் விட்டு
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ஒக்டோபரில் ஐந்து மணி நேரம்
இரண்டு கையிலும் ஊசியோடு கிடந்தேன்.
இயந்திரம் என் இரத்தத்தைச் சுற்றிச் சுற்றி வடித்தது.
பையில் தேறியது தக்காளி ரசத்தின் நிறம்.
அவர்கள் கணக்கில் அன்று நாள் பூச்சியம்.
ஏ வகையாயிருந்தவன்
மெல்ல மெல்ல என் பி வகை ஆகிறான்.
"இனி உன்ர ரத்தத்தை வைச்சுத்தான்
உன்னோட சண்டை பிடிக்கோணும்" என்றான்.

தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள்.
தசை ஆடட்டும். மச்சை என்ன செய்யும்?
என் எலும்புக்குள் இருப்பவை
நாற்பத்தொன்பது மாரி கண்டவை,
எந்தத் தடிமனையும் படலையிலேயே மறித்து
"நீ இன்னாருடைய மகன்தானே" என்று கேட்பவை.
அவற்றின் கூடப்பிறந்தவை அவனுக்குள்
அறுபத்தொரு நாள் பிள்ளைகள்.
கழுத்து இன்னும் நிற்கவில்லை.
நாற்பத்தாறு வயது ஆம்பிளைக்கு
போலியோவுக்கும் கக்குவானுக்கும் மறுபடி ஊசி போடவேண்டுமாம்,
அதற்கும் காலம் கிடக்கிறதாம்.

லுவான் பரவாயில்லை.
லுவானுக்கு எல்லாம் போட்டாயிற்று.

தும்மினேன்.
கைப்பேசியை விலக்குவதற்குள் தும்மிவிட்டேன்.
அங்கிருந்து உடனே:
"நூறு."
இன்னொன்று.
"இருநூறு."
பிறகு அவன் இருமினான்.
இருமலுக்கு எங்கள் பாஷையில் எண் இல்லை.

அவன் மனைவி தர்மினி
நாட்காட்டியில் நூறாம் நாளைப் பச்சையால் வளைத்து வைத்திருக்கிறாள்.
அதைத் தாண்டினால் பாதி ஆறு கடந்த மாதிரி என்று சொல்லியிருந்தார்கள்.
ஆயுசு நூறு வேண்டாம், நாள் நூறு தா,
மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று
பேரம் பேசுகிறேன், யாரோடு என்று தெரியாமல்.

"என்னட்டை இருந்தே தொத்தினது?"
இதை மட்டும் ஏபிஷரிடம் ஜெர்மனில் கேட்க
இரவு முழுக்க வசனம் அடுக்கினேன்.
இந்த மாதம் அது எங்கும் இருக்கிறது என்றார் அவர்,
டிராம் கம்பியில், ரொட்டிக்கடை வரிசையில்,
மருந்து கொண்டுவந்த பையனில்.
தெரிந்துகொள்ளவே முடியாதாம்.
நல்ல மனிதர்.
ஆனாலும் மச்சையையும் தடிமனையும்
ஒரே உடம்பு கொடுத்திருந்தால்
எதை முதலில் கணக்கில் வைப்பார்கள்?

காலையில் ஒட்சிசன் தொண்ணூற்றொன்று.
இப்போது தொண்ணூற்று மூன்று.
தாதி வந்து சொல்லிவிட்டு
நான் கொண்டுவந்த கஞ்சியைத் திருப்பித் தந்தாள், மூடி திறக்காமல்.

ஆறாவது சன்னலில் விளக்கு.
உள்ளே என்னுடையவை
முதல் தடவையாகத் தடிமன் படிக்கின்றன,
எழுத்துக்கூட்டி, பிழைவிட்டு.
சொல்லிக்கொடுக்க நான் பக்கத்தில் போகக்கூடாது.

மூக்கு அரிக்கிறது.
இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு
ஆறிய கஞ்சியோடு நிற்கிறேன்.