ஒன்றரை டிகிரி

மொபேனி லாரி யார்டில் காலை ஐந்தரை.
மெர்பேங்க் பக்கத்துப் புகை இன்னும் கீழே இறங்கவில்லை.
பன்னிரண்டாம் எண் லாரிக்கு
நெற்றியில் கேமரா, பம்பருக்குள் ரேடார்.
ஒரே வண்டியில் ஓராண்டு ஓடியும்
ஒன்றையொன்று பார்த்ததில்லை.

இருபது மீட்டர் தள்ளி ம்தோகோசிசி நிற்கிறான்
கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட பலகையைப் பிடித்தபடி.
கட்டம், கேமராவுக்கு.
பலகையின் நடுவே மூன்று தகடு கூடும் அலுமினிய மூலை,
அது ரேடாருக்கு:
எங்கிருந்து கூப்பிட்டாலும்
கூப்பிட்ட திசைக்கே பதில் அனுப்பும்.

"இடப்பக்கம்... இன்னும் கொஞ்சம்... அப்படியே நில்."
நின்றான்.
கேமராவில் அவன் சுவர்.
ரேடார் மட்டும்
வருகிறான் போகிறான் வருகிறான் போகிறான் என்றது.
எட்டிப் பார்த்தேன்.
பலகையைத் தாங்கிய நெஞ்சு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

பிறகு குறுக்கே நடக்கச் சொன்னேன்,
டயர் குவியலிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை.
இப்போது கேமரா பதறியது.
ரேடாரோ
நெருங்கவில்லை, விலகவில்லை,
ஆகவே நிற்கிறான் என்று எழுதிக்கொண்டது.
பொய்யில்லை.
அதன் மொழியில் இரண்டே வினைச்சொற்கள்.
கேமராவுக்கு எல்லாம் தெரியும், தூரத்தைத் தவிர:
உள்ளங்கையில் பொம்மை லாரி,
கணவாயில் நிஜ லாரி,
இரண்டும் அதற்கு ஒரே உயரம்.

கண்ணால் கண்டதும் பொய்,
காதால் கேட்டதும் பொய்,
சரி.
தீர விசாரிக்க
இங்கே கிடைப்பது ஒரு நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு.

ஜூன் மாதம், வான் ரீனன் கணவாய், மூடுபனி.
பத்தொன்பதாம் எண் லாரி. ஓட்டியவர் பூபாலன்.
முன்னால் பழுதாகி நின்ற இன்னொரு லாரியை
கேமரா பார்த்தது, மங்கலாக,
எத்தனை தூரம் என்று சொல்லத் தெரியாமல்.
ரேடாரும் பார்த்தது, துல்லியமாக,
என்னவென்று சொல்லத் தெரியாமல்.
தூரமில்லாத ஒரு லாரி.
பெயரில்லாத ஒரு புள்ளி.
இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று விழவில்லை.
சாலையோரக் கம்பமாக இருக்கும் என்று
புள்ளியைத் தள்ளிவிட்டது கணக்கு.

அதற்கு முந்தின வாரம்தான்
கல் பட்டு விரிந்த கண்ணாடியை மாற்றியிருந்தார்கள்.
கேமராவைத் திரும்ப ஒட்டியதில்
ஒன்றரை டிகிரி வலப்பக்கம்.
கைக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியாது.
நூறு மீட்டரில் அது ஒரு லாரியின் அகலம்.

'சரிபார்த்தாயிற்று' என்ற கட்டத்தில் என் கையெழுத்து.
அன்று வெள்ளிக்கிழமை. மழை.
பலகை பிடிக்க ஆளில்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆஸ்பத்திரியில்
தோள்பட்டை எலும்பில் தகடு வைத்துப் படுத்திருந்தார் பூபாலன்.
"அந்த மிஷின் பார்த்ததா, இல்லையா?"
"இரண்டும் பார்த்தது."
சிரித்தார். வலித்திருக்கும், பாதியில் நிறுத்தினார்.
கையெழுத்தைப் பற்றி அவர் கேட்கவில்லை.
நான் எடுத்துச் சென்ற ஆரஞ்சுப் பழங்களை
உரிக்க அவருக்குக் கை வராது என்பதும்
எனக்கு வாசலில்தான் உறைத்தது.

நாற்பது இடத்தில் நிற்க வைத்துவிட்டேன் இவனை.
இப்போது திரையில் பச்சைப் புள்ளி
கட்டத்தின் நடுவில் போய் உட்காருகிறது,
ஓர் இழை விலகி.
அந்த இழை எப்போதும் இருக்கும்.
எவ்வளவு என்று தெரிந்திருந்தால் போதும்.

ஹடீடா ஒன்று கத்திக்கொண்டே குறுக்கே பறக்கிறது.
இரண்டும் ஒரே நேரத்தில்
பறவை என்கின்றன.

"கோகி, போதுமா? கை மரத்துப் போச்சு."
டிரைவர்கள் கேட்டருகே தேநீரோடு காத்திருக்கிறார்கள்.
படிவத்தில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது.
பேனா மூடியைத் திறக்கிறேன்.
அவன் பலகையை இறக்கப் போகிறான்.

இறக்காதே என்கிறேன்.
இன்னும் ஒரே ஒரு இடம்,
அந்த வலது மூலை.