ஈல்ட்

ஷார்ஜா, பத்தாம் தொழிற்பேட்டை.
சோதனைக்கூடத்தில் ஏசி இருபத்திரண்டில் நிற்கும்
எங்களுக்காக அல்ல,
இயந்திரத்துக்காக.

பன்னிரண்டு எம்எம் கம்பி.
மேல்தாடையும் கீழ்த்தாடையும் கவ்விக்கொள்ள
பொத்தானை அழுத்துகிறேன்.
திரையில் கோடு நேராக ஏறுகிறது.
ஏறி, ஓரிடத்தில் தயங்கி,
லேசாகத் தோளைத் தாழ்த்துகிறது.
அங்கேதான் நான் குறிக்க வேண்டும்: ஈல்ட்.

அதற்கு முன் விட்டுவிட்டால்
கம்பி பழைய நீளத்துக்கே வந்துவிடும்,
இழுத்த சுவடே இருக்காது.
அதற்குப் பிறகு வராது.

படிவத்தில் தமிழ் வேண்டுமென்று யாரும் கேட்கவில்லை.
நானாகத்தான் ஒருநாள் கைபேசியில் தட்டிப் பார்த்தேன்.
விளைச்சல் என்றது.
இரும்பு விளைச்சல், ஏக்கருக்கு ஐந்நூறு.
நான் சிரித்த சிரிப்பில்
பக்கத்து மேசை ரொவேனா என்னவென்று கேட்டாள்.
அவள் ஊர்ப் பேச்சும் எனக்குத் தெரியாது
என் ஊர் வயலும் அவளுக்குத் தெரியாது.
ஒன்றுமில்லை என்றேன்.

இணங்கு. மசி. பணி. இளகு.
வளைந்துகொடு. இடங்கொடு. வழிவிடு.

வழிவிடு மட்டும் ஏற்கெனவே பழக்கம்.
அதில் மூன்று முறை தோற்றிருக்கிறேன்.
தலைகீழ் முக்கோணம், சிவப்பு விளிம்பு.
முதல்முறை ரவுண்டானாவில் நிற்காமல் நுழைந்தேன்,
இடப்பக்கம் தண்ணீர் லாரி.
இரண்டாம் முறை நின்றேன்.
வந்தவர்களுக்கெல்லாம் வழிவிட்டேன்
வராதவர்களுக்கும்.
பின்னால் பதினோரு வண்டிகள் ஹார்ன் அடிக்க
தேர்வு அதிகாரி டேப்பில் ஏதோ குத்தினார்.
நின்றது தப்பா மேடம்?
இடைவெளி இருந்தும் நின்றாய், அது தப்பு
என்றார் அரை இந்தியில்.
மூன்றாம் முறையைப் பற்றிச் சொல்வதாயில்லை.

நேற்று சேந்தன் அழைத்தான்.
அண்ணன்.
விடுதலைப் பத்திரம் எழுதியாயிற்றாம்.
அப்பா பேரிலிருக்கும் வீடும் பின்பக்க மனையும்.
நீ வர வேண்டாம்,
தூதரகத்தில் பவர் கொடுத்துக்
கையெழுத்து வாங்கி அனுப்பு, போதும்.
விட்டுக்கொடுத்தவள் கெட்டுப்போனதில்லை
என்றான், பழமொழியை எனக்கேற்பப் பெண்பாலாக்கி.
அந்தப் பத்திரத்துக்கு விடுதலை என்று பேர் வைத்தவன் யார்
என்று கேட்க நினைத்து
பார்க்கிறேன் என்றேன்.

பத்து வருடமாகப் பார்க்கிறேன்.
அவன் கல்யாணக் கடன், அவன் புல்லட்,
அவன் மகளின் காதுகுத்து, மொட்டை மாடியில் ஷெட்.
ஒவ்வொரு முறையும் இழுபட்டு
ஒவ்வொரு முறையும் பழைய நீளத்துக்கு வந்து
அடுத்த சம்பளத்துக்கு நின்றேன்.

போன மாதம் ஒரு சரக்கு வந்தது.
அந்தக் கம்பியின் கோடு தயங்கவேயில்லை.
தோளைத் தாழ்த்தவில்லை, போய்க்கொண்டே இருந்தது.
நானுங்கூட ஒரு கணம் பெருமைப்பட்டேன்.
பிறகு வெடித்தது.
ரொவேனா மேசைக்கடியில்.
டீ முழுக்கக் கீபோர்டில்.
எண் என்னவோ பெரிய எண்தான்,
ஆனாலும் மொத்த லோடும் தள்ளுபடி.
இளகாத கம்பியைக் கட்டடத்தில் வைக்கக் கூடாது.
நல்ல கம்பி முதலில் வளைந்து காட்டும்,
கீழே நிற்பவன் ஓட
நேரம் கொடுக்கும்.
சிவப்பு முத்திரையை நான்தான் குத்தினேன்.

இன்றிரவு இடைவேளையில் சேந்தனை அழைத்தேன்.
எவ்வளவு?
என்ன எவ்வளவு?
பின்பக்க மனை. எத்தனை சதுர அடி?

மறுமுனையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.
அண்ணி யாரென்று கேட்பது கேட்டது.
ஏறிக்கொண்டே வந்த அவன் குரல்
ஓரிடத்தில்
தயங்கியது.

அங்கேயே குறித்துக்கொண்டேன்.
அடுத்த கம்பியைத்
தாடைக்குக் கொடுத்தேன்.