மூன்று மில்லிமீட்டர்

மத்தேர்ன் ஏர்ஹார்ட் வந்தபோது
கடை முழுக்க ஈரக் கம்பளி வாடை.
உருளைக்கிழங்குச் சாக்கைப் பிரித்து
மேசைமேல் வைத்தான் ஒரு ஜெர்மன் மௌசரை.
"பன்றி," என்றான்.
"மேல்வயலில் ஒரு கிழங்கு மிச்சமில்லை."

எங்கள் அல்சாஸ் பள்ளத்தாக்கில்
அதற்குமேல் யாரும் பேசுவதில்லை.
போர் முடிந்து பதினோரு வருஷம்.
யார் எந்தச் சீருடையில் போனார்கள்,
யார் இழுத்துப் போகப்பட்டார்கள்,
எல்லோருக்கும் தெரியும்,
ஆகவே யாரும் கேட்பதில்லை.

சட்டம் சுருக்கமானது.
கூடு ஐம்பத்தேழு மில்லிமீட்டர் என்றால் ராணுவத் தோட்டா,
வீட்டில் வைத்தால் குற்றம்.
அறுபது என்றால் வேட்டை.
நடுவில் மூன்று.
அரைக் கோதுமை மணி.

குழல் அதேதான்.
உள்ளே முறுக்கி ஓடும் வரிகள் அவையேதான்.
குண்டின் பருமனில் ஒரு மயிரிழை மாற்றமில்லை.
தோட்டாவுக்கும் கழுத்துண்டு, தோளுண்டு;
அந்தத் தோள் சாயும் சுவரைக்
கொஞ்சம் முன்னே தள்ளிவைத்தால் போதும்.

தோல் சுற்றிக் குழலை இடுக்கியில் கட்டினேன்.
எண்ணெய் விட்டேன்.
நீளக் கைப்பிடியில் ரீமரைப் பொருத்தி
வலமாக, அரைச் சுற்று,
மறுபடி வலமாக.
ரீமரை ஒருபோதும் இடம் திருப்பக் கூடாது,
திருப்பினால் பல் போய்விடும்.
வெளியே இழுத்தால்
எண்ணெயில் மிதக்கும் இரும்புச் சுருள்,
குழந்தையின் நகம் வெட்டியதுபோல்.
துடைத்துவிட்டு மறுபடி.
இந்த வேலையில் செதுக்கத்தான் முடியும்,
சேர்க்க முடியாது.
மாலைக்குள் என் மணிக்கட்டுக்குப்
பழைய இரும்பின் பிடிவாதம் பழகிவிட்டது.

அளவுக்கு இரண்டு எஃகுக் கட்டைகள்.
ஒன்றைப் போட்டால் பூட்டு மூட வேண்டும்.
மற்றதைப் போட்டால் மூடக் கூடாது.
மூடியது. மூடவில்லை.

பழைய எண்ணின்மேல் குறுக்குக் கோடடித்துப்
புதிய எண்ணைச் சுத்தியால் பதித்தேன்.
துப்பாக்கியை எடுத்துப்போக அவன் வந்த அன்று,
"கழுகு முத்திரையை அரத்தால் தேய்த்துவிடவா?" என்றேன்.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.
"வேண்டாம்.
தேய்த்த இடம் இன்னும் அதிகமாகப் பேசும்."

பிறகு பையிலிருந்து ஒரு கைக்குட்டை.
அதில் மூன்று தோட்டாக்கள், பழையவை, பச்சை பூத்தவை.
"இவை இனிமேல் போகுமா?"
ஒன்றை உள்ளே விட்டேன்.
தளர்ந்த பல்போல் ஆடியது. பூட்டு மூடியது.
"மூடுகிறதே," என்றான்.
"மூடும். அதனால்தான் ஆபத்து.
தோளுக்குச் சாயச் சுவரில்லை,
சுட்டால் பித்தளை கிழியும்.
கிழிவது உன் கன்னத்துக்குப் பக்கத்தில்."

ஒரு கிளிப்புக்கு ஐந்து.
நான் வாய்விட்டு எண்ணவில்லை,
கண்ணால் எண்ணியதை அவன் பார்த்துவிட்டான்.
"இரண்டை வானத்தில் சுட்டேன்," என்றான்.
"சரி," என்றேன்.
பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்த
என் மனைவி இர்மாவின் பேனா நின்றது.
அவள் தம்பியும் அதே சீருடையில் போனவன்.
கடிதம் ஒன்று வந்தது, கிழக்கிலிருந்து.
பிறகு வரவில்லை.
பேனா மறுபடி நகர்ந்தது:
காரணம், காட்டுப்பன்றி.

அன்று இரவு குண்டுகளைப் பிடுங்கி
வெடிமருந்தைக் கொல்லையில் கொட்டித் தீ வைத்தேன்.
கட்டிவைக்காத மருந்து வெடிப்பதில்லை.
புஸ்ஸென்று மஞ்சளாய் எரிந்து
கல்லில் ஒரு கறை விட்டது.

நவம்பர் கடைசியில் வந்தான்.
சுட்ட கூடு ஒன்றை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்
தீர்ப்புக்கு நிற்பவன்போல் நின்றான்.
அளந்தேன். கழுத்து நேர், தோள் கூர்மை,
எங்கும் விரிசலில்லை.
"நன்றாக இருக்கிறது."
அவன் கேட்டது அதை இல்லையோ என்னவோ,
போகாமல் நின்றான்.
முட்டைக்கோஸ் இலையில் பொதிந்த ஈரலை
இர்மாவிடம் நீட்டினான்.
வாங்கிக்கொண்டாள். நாற்காலியை நகர்த்திப் போட்டாள்.
கையைத் துடைக்காமலே கேட்டாள்:
"நாற்பத்து நான்கில் நீங்கள் எந்த ஊரில் இருந்தீர்கள்?"

நான் எழுந்துபோய்க்
கடைக்கதவின் பலகையைத் திருப்பி மாட்டினேன்.