கழித்தல்

எல்லா இரவும் வெற்றி என்றே எழுதியிருக்கிறது.
பிழை என்ற சொல்லைக் கிரெப்பிடம் கொடுத்துத் தேடச் சொன்னேன்.
ஒரு வரியும் வரவில்லை.
கர்சர் மட்டும் கண் சிமிட்டிக்கொண்டிருந்தது.

ஹ்ராச்யா போனில் கத்தவில்லை.
அதுதான் என்னைத் தூக்கிப் போட்டது.
"செய்தி வந்தது, அர்ப்பேனிக்.
உறைபனி வருகிறது, புகை மூட்டுங்கள் என்று.
படிக்கும்போது தோட்டத்தில்தான் நின்றிருந்தேன்.
புல் காலடியில் நொறுங்கியது."
மதியம் ஒரு பூவைப் பிளந்து பார்த்தானாம்.
நடுவே கறுப்பு.
நானூறு ஆப்ரிகாட் மரம்.

மூன்று மணிக்கு ஓட வேண்டிய வேலை அது.
கிரானில் எழுதியவள் நான்:
இரண்டு எண், மூன்று நட்சத்திரம்.
நட்சத்திரம் என்றால்
எந்தத் தேதியானாலும், எந்த மாதமானாலும், எந்தக் கிழமையானாலும்.

அர்தஷாத்தில், கூட்டுறவுச் சங்கத்து மாடியறையில்
சர்வர் மட்டும் கிரீன்விச் நேரத்தில் வாழ்கிறது,
எங்களுக்கு நான்கு மணி நேரம் பின்னால்.
ஆகவே அதன் பதிவில் தேதி நேற்று.
பூ கருகியது இன்று.

தாமதத்துக்கு என்று ஒரு சொல் பதிவில் கிடையாது.
ஓட வேண்டிய நேரம் இருக்கிறது,
ஓடத் தொடங்கிய நேரம் இருக்கிறது.
கழித்துப் பார்ப்பது பார்க்கிறவர் பாடு.

வரிகளைப் பிடித்து
ஒரு செங்குத்துக் கோட்டின் வழியே ஆக்கிடம் தள்ளினேன்.
பத்திகளை மாற்றிப் போட்டுவிட்டேன் போல,
திரை முழுக்கக் கழித்தல் குறிகள்:
எல்லாச் செய்தியும் நேரத்துக்கு முன்பே போய்விட்டதாக.
ஒரு கணம் நம்ப ஆசையாக இருந்தது.

திருத்தி மறுபடி ஓட்டினேன்.

மார்ச் மூன்று, நான்கு விநாடி.
ஒன்பது, பன்னிரண்டு நிமிடம்.
பதினெட்டு, முப்பது.
இருபத்தேழு, நாற்பத்தேழு.

அறுந்து விழுந்ததல்ல இது,
வளர்ந்தது.
இரவுக்கு இரண்டு நிமிடம்.
மார்ச்சில் பகல் அப்படி வளரும்,
வேறு எது?

மற்ற வேலைகளையும் கழித்தேன்,
சார்ட்டில் அடுக்கினேன், பெரியது மேலே.
பேக்கப். தொடங்குவதெல்லாம் குறித்த நொடியில்தான்.
முடிக்கத்தான் மனமில்லை அதற்கு.
அது பூட்டை விடும்வரை
என் எச்சரிக்கை வாசலில் நின்றிருக்கிறது,
முறையோடு, சத்தமில்லாமல், இரவு இரவாக.

எந்த அடைவு பருத்தது என்று டியூவைக் கேட்டேன்.
பெயர்: கூடு.

கணக்கு எழுதும் நுனுஃபார்
எதிர் மின்கம்பத்து நாரைக் கூட்டுக்கு
ஒரு கேமரா வைத்திருந்தாள்.
பத்து விநாடிக்கு ஒரு படம்.
அழிக்கவில்லையா என்றேன்.
"எதை அழிக்க? எல்லாவற்றிலும் அது இருக்கிறதே."

கோபம் வந்தது, அவளிடம் கொட்டவில்லை.
அந்த அடைவைப் பேக்கப்பிலிருந்து எடுத்தேன்.
தாமதம் ஒரு நிமிடம் தாண்டினால் என் போன் அலறும்படி
புதிதாக ஒரு வரி சேர்த்தேன்.
அத்தோடு எழுந்து வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இருபத்தேழாம் தேதிப் படங்களைத் திறந்தேன்.
நாரை ஒற்றைக்காலில், அலகை நெஞ்சில் புதைத்து.
இரண்டே முக்கால், சுள்ளிகள் கறுப்பு.
மூன்று மணி, கறுப்பு.
மூன்று ஒன்பதுக்குக் கூட்டின் விளிம்பு வெளுக்கிறது.
மூன்று இருபதுக்கு
நாரையின் முதுகே எது என்று தெரியவில்லை.

மூன்று ஒன்பதில் மூன்றைக் கழித்தால்
ஒன்பது நிமிடம்.
இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம்.

ஒன்பது நிமிடத்தில்
தூங்குகிறவன் எழுந்து, பூட்ஸ் மாட்டி, ஈர வைக்கோலுக்குத் தீ வைத்து,
புகை நானூறு மரத்துக்கும் போய்ச் சேருமா?

ஹ்ராச்யாவிடம் நாற்பத்தேழைச் சொன்னேன்,
யாருடைய தவறு என்பதையும் சொன்னேன்.
இந்த ஒன்பதைச் சொல்லவில்லை.
அந்தப் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது,
எந்த இரவும் நகலெடுக்காத ஓர் அடைவில்.