மூணு மணிக்கு மேல

"எஸ்.ஐ. வெளிய போயிருக்காருங்க,
மூணு மணிக்கு மேல வாங்க" என்றார்கள்.
வெயிலில் நிற்பதற்கு இது தேவலாம் என்று
பக்கத்தில் இருந்த போலீஸ் மியூசியத்துக்குள் போனேன்.
காத்தாடி ஓடியது.

காணாமல் போனது ஒரு மொபெட்.
பீளமேட்டில், பேக்கரி வாசலில்,
இரண்டு தூக்குப்போசி இட்லி மாவோடு.
வண்டி எங்கே என்று தெரியாது.
மாவு மட்டும், எங்கே இருந்தாலும்,
இந்நேரம் பொங்கி வழிந்திருக்கும்.

உள்ளே நான் ஒருத்திதான்.
ஏட்டு துளசிமணி முன்னால் நடந்தார்,
ஒவ்வொரு அறைக்கும் லைட்டைப் போட்டு,
தாண்டியதும் அணைத்து.

சிவப்புத் தலைப்பாகை, அரை டவுசர்,
கால் முழுக்கச் சுற்றும் பட்டித்துணி.
"இதச் சுத்தி முடிக்கறதுக்குள்ள
திருடன் சூலூர் தாண்டியிருப்பானுங்க."
சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.
நான் சிரிக்கவில்லை. என் வண்டி
எதைத் தாண்டியதோ.

கள்ளக்காசு வார்த்த அச்சு ஒன்று,
ஏழு குழி.
பணியாரச் சட்டிக்கும் அதற்கும்
கைப்பிடிதான் வித்தியாசம்.

ரேகை எடுக்கும் மையும் உருளையும்.
கிரைண்டர் கல்லைக் கழுவிக் கழுவி
என் விரலில் கோடே இல்லை.
ரேஷன் கடை மிஷின் மூன்று தடவை கேட்கும்
நான்தானா என்று.
நான் திருடினால் பிடிக்கவே முடியாதுங்க என்றேன்.
இந்தத் தடவை துளசிமணி சிரிக்கவில்லை.

பிறகு லத்தி.
கண்ணாடிக்குள் படுக்க வைத்திருந்தார்கள்.
மூங்கில். நீளம், எடை, வாங்கிய வருஷம்.
பிடித்த பக்கம் கைவியர்வை ஏறிக்
கறுத்து மினுங்கியது.
மறுபக்கம் வெறும் மூங்கில்.
அங்கே ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை.

எங்கய்யன் மில் கேட்டில் வாங்கிய அடியை
ஐப்பசி மழைக்கு மட்டும் பேசுவார்,
இடது தோளைப் பிடித்துக்கொண்டு.
மற்ற மாதங்களில்
போலீஸ்காரரைக் கண்டால் வணக்கம் வைப்பார்.
நானும் இன்று காலையில் வைத்தேன்,
பாராவில் நின்ற சின்னப் பையனுக்கு.

"தோள் வலிக்குதுங்களா அம்மணி?"
என்றார் ஏட்டு.
என் கை அங்கே போயிருந்தது.

வெளியே வரும்போது நோட்டை நீட்டினார்.
பெயர், ஊர், கருத்து.
எனக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை
'துப்பாக்கி சூப்பர்' என்று எழுதி
பக்கத்தில் ஒன்றை வரைந்தும் வைத்திருந்தது.

கருத்து என்ற கட்டத்தில்
வண்டி நம்பரை எழுதினேன்.
இடம் மிச்சம் இருந்தது.
நீலக் கலர். இடப்பக்கக் கண்ணாடி இல்லை.
போசி இரண்டும் எவர்சில்வர்,
மூடியில் 'ச' என்று வெட்டியிருக்கும்.

மணி இரண்டே முக்கால்தான் ஆகியிருந்தது.