தூரம் குறிக்காத இலக்கு

பதாகையில் கொழும்பு என்றுதான் போட்டிருந்தது.
பஸ்ஸோ பாதுக்கையும் தாண்டிப் போய்
ஒரு றப்பர்த் தோட்டத்தில் நின்றது.
எஸ்தோனியாக்காரி இறங்கியதும் கடலைத் தேடினாள்.
ஞாயிறு பின்னேரம் காட்டுகிறேன் என்றேன்.
அது என் வேலை இல்லை.

வெள்ளவத்தைக் காப்புறுதிக் கந்தோரில்
பிறர் கார்களின் நெளிவுக்கு
விலை எழுதுகிறவள் நான்.
இங்கே மூன்று நாள் லீவில்
அம்புக்குப் புள்ளி எழுத வந்திருந்தேன்.
கையில் ஒரு அட்டை.
காலில், சவர்க்காரம் பூசியும்,
மற்ற அட்டை.

இருபத்துநாலு இலக்கு.
பாதிக்குத் தூரம் எழுதிய பலகை உண்டு.
மீதிக்குக் கண்தான்.

மெறிகே வன இலாகாக்காரி.
றப்பர் மரங்கள் சம இடைவெளியில் நிற்பதை
முதல் நாளே பிடித்துவிட்டாள்,
நிரை எண்ணி எய்தாள்.
ஒயுனா மரமில்லாத வெளியிலிருந்து வந்தவள்;
இத்தனை மரம் நடுவில் நின்று
கதைத்துக்கொண்டிருந்தால் எப்படிப் பார்ப்பது
என்று சைகையில் கேட்டாள்.
தெஹிவளை பார்மசியில் மருந்து நிறுக்கும் ஸீனத்
ஸ்டேஷன் மேடையை மனதில் விரித்து வைத்திருந்தாள்:
"டிக்கெட் ஜன்னலிலிருந்து தண்ணீர்க் குழாய் வரை,
அதோடு ஒரு வாங்கு."
அவ்வளவுதான். நாணை விட்டாள்.

பத்தொன்பதாவது இலக்கு சரிவில்.
கீழே ஓடை. பலகை இல்லை.
ஸீனத்தின் கடைசி அம்பு
ஐந்துக்கும் ஆறுக்கும் நடுக் கோட்டில்
நின்றதா, ஒட்டி நின்றதா.
கோட்டில் பட்டால் கூடின புள்ளி.
அவளே குனிந்து பார்த்தாள்.
ஐந்து, என்றாள்.

இல்லை, ஆறு, என்றாள் ஒயுனா.
ஸீனத்துக்கு ஒரு புள்ளி கூடினால்
நட்டப்பட இருந்தவள் அவள் ஒருத்திதான்.

என் பேனை அந்தரத்தில்.
மத்தியஸ்தர் வந்தார்,
தொப்பியைப் பின்பக்கம் திருப்பினார்,
பூதக்கண்ணாடியோடு வளைந்தார்
மூச்சுக்கூட அம்பில் படாமல்.
ஓடையில் யாரோ எறிந்த யோகட் கோப்பை
மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

ஐந்து.

எழுதினேன்.
அதே நேரம் என் கெண்டைக்காலில்
ஒன்று தன் பாட்டில் எழுதிக்கொண்டிருந்தது,
சிவப்பில்.

முந்நூற்றிருபத்தேழு, ஒயுனா.
முந்நூற்றிருபத்தாறு, ஸீனத்.
மூன்றாவது மெறிகே, நிரை ஒன்றைத் தவறவிட்டு.
கூட்டலை நாலு தரம் பார்த்தேன்.
எந்தக் கூட்டலும் இரங்கவில்லை.

பரிசளிப்பு நேரம் பார்த்து இடி.
மைதானத்து மேடை நனைந்து
றப்பர்ப் பால் மணக்கும் கொட்டிலுக்குள் ஒதுங்கினோம்.
கரண்டும் போயிற்று.
தேசிய கீதம் பென்டிரைவுக்குள் செத்துக் கிடந்தது.
அதிகாரி மூவரும் கைபிசைய,
தங்கம் தொங்கிய கழுத்தோடு
ஒயுனா தானே பாடத் தொடங்கினாள்.
தகரத்தில் மழை.
இரண்டாம் அடியில் சொல் மறந்துபோய்ச்
சிரித்துவிட்டாள்.
வெள்ளிக்காரியும் சிரித்தாள்,
கொஞ்சம் பிந்தி.

கடல் காட்டாமல் அனுப்புவதா?
இரவு எட்டரைக்கு வெள்ளவத்தையில்
தண்டவாளம் கடந்து கல்லில் இருத்தினேன்,
மூவரையும், ஒரு பார்சல் இஸ்ஸோ வடையையும்.
மெறிகே வெண்கலத்தைச் சட்டைக்குள் போட்டிருந்தாள்;
குளிர்கிறது என்றாள், எடுக்கவில்லை.
முதுகுக்குப் பின்னால் பாணந்துறை ரயில்
எங்களைக் குலுக்கிவிட்டுப் போனது.

தூரத்தில் ஒரு கப்பல், விளக்கோடு.
எவ்வளவு இருக்கும்? என்றாள் ஒயுனா.
இங்கே எண்ணுவதற்கு மரமில்லை,
விரிப்பதற்கு மேடையில்லை.
ஒருத்தி நாலு கிலோமீற்றர் என்றாள்.
ஒருத்தி ஏழு.
ஸீனத் மிளகாய் விரலை நக்கிக்கொண்டு
வெகு நேரம் பார்த்தாள்.

கைப்பைக்குள் பேனையைத் தேடினேன்,
பழக்கதோஷம்.
கப்பல் அதற்குள் கொஞ்சம் நகர்ந்திருந்தது.