கட்டம் 47

முதலில் பார்த்தது நானல்ல, மிஸ்டர் தியோ.
தன் கட்டத்துக்குள் என் வண்டி
சிவப்பாகத் துப்புகிறதென்று
மைலோ பெட்டியைக் கிழித்து
விரித்து வைத்திருந்தார்.
அதன்மேல் தடித்த மையில்: 47.
பெயர்கூட இல்லை.

47 நான்தான்.
வீரா, தொண்ணூற்றேழாம் வருடத்து வண்டி.
பிரிந்தபோது ஃபிரிட்ஜ் அவருக்கு,
இது எனக்கு.

எட்டு மாதமாக ஊற்றிக்கொண்டிருந்தேன்,
திங்கள் ஒரு மூடி, வெள்ளி ஒரு மூடி,
சர்க்கரைக்கு மாத்திரை போடுவதுபோல.
திரும்பும் இடமெல்லாம் முனகும்.
பாயான் லெப்பாஸ் ஆலையில்
இரவுக் காவலர் என்னை எட்டிப் பார்ப்பதேயில்லை.
சத்தம் கேட்டதும் கேட்டைத் திறந்துவிடுவார்.

ஜெலுத்தோங் பட்டறையில் பூன் கியட்
டார்ச்சைக்கூடக் குனிந்து அடிக்கவில்லை.
"ரேக் போச்சு. ஜப்பான் பழசு போட்டா
நானூத்தம்பது வெள்ளி."
அண்ணன் ஜீவரத்தினம் போனில் சொன்னான்:
"வித்துடு தவமலர், உனக்குக் கட்டம் சரியில்ல."
எந்தக் கட்டம் என்று
நான் கேட்கவில்லை.

ஞாயிறு காலை, ஷிப்ட் முடிந்த கையோடு
பானட்டைத் திறந்தேன்.
மண்ணெண்ணெய், பாத்திர சோப்பு,
பழைய யூனிபார்ம் கிழித்த துணி.
எட்டு மாத அழுக்கைத் துடைத்துக் காயவைத்து
குழாய், பம்ப், கை எட்டிய இடமெல்லாம்
முகப் பவுடரைக் கொட்டினேன்.
குளிப்பாட்டிய பிள்ளைபோல்
வெள்ளை வெளேரென்று நின்றது எஞ்சின்.

இனி ஒருவர் உள்ளே உட்கார்ந்து
ஸ்டியரிங்கை வளைக்க வேண்டும்.
ஒருவர் வெளியே பார்க்க வேண்டும்.
இதை நான் யோசித்திருக்கவில்லை.

தன் அட்டையைப் பார்வையிட வந்தார் தியோ,
விரலில் தொங்கும் பிளாஸ்டிக் பையில் கோப்பி-ஓ.
நான் கேட்டேனா, அவராக ஏறினாரா,
இப்போது நினைவில்லை.
கிரி என்றேன், வளைத்தார்.
கானான் என்றேன், வளைத்தார்.
கோப்பியைச் சைடு கண்ணாடியில் மாட்டியிருந்தார்,
ஒவ்வொரு முறையும் அது ஆடியது.

ரேக் வெள்ளை. ரப்பர் உறை வெள்ளை.
நீளக் குழாயும் வெள்ளைதான்.
பம்பின் முதுகில்,
எண்ணெய் உள்ளே போகும் சின்ன மூட்டில்
பவுடர் ரோஸாகி,
நான் குனிவதற்குள் சிவந்தது.

ஒரு ரப்பர் வளையம், அவ்வளவுதான்.
சூட்டில் வெந்து வெந்து
அப்பளம்போல் விறைத்திருந்தது,
நகம் பட்டதும் முறிந்தது.
உதிரிக்கடையில் எண்பது காசு.
"ஒன்னே ஒன்னா?" என்றான் பையன்.
மானத்துக்காக இரண்டு வாங்கினேன்.

முதல் போல்ட் சமர்த்து.
இரண்டாவது தலை மழுங்கி
ஒரு மணி நேரமும்
முழங்கைத் தோலில் ஒரு துண்டும் தின்றது.
பிறகு முன்சக்கரங்களைத் தூக்கி, எஞ்சினை அணைத்து
இந்தக் கடைசிக்கும் அந்தக் கடைசிக்குமாக
இருபது தடவை.
டப்பாவில் தேத்தாரே நுரைபோல் பொங்கி
மெல்ல அடங்கியது காற்று.

தியோ இறங்கினார்.
அட்டையைச் சுருட்டுவார் என்று பார்த்தேன்.
"ஒரு வாரம் இருக்கட்டும்," என்றார்.

அன்றிரவு சுங்கை நிபோங் வளைவில்
என் கைகளுக்கு யாரும் சொல்லவில்லை.
பழைய பலத்தில் இழுத்தன,
வண்டி குழைந்துபோய்
விளிம்புக் கல்லை முத்தமிட்டது.
பின்னால் மோட்டார் சைக்கிள்காரன்
திட்டியதில் நியாயம் இருந்தது.

ஆலைக் கேட் திறக்கவில்லை.
காத்திருந்தேன்.
உள்ளே மேசை விளக்கடியில் காவலர்
எதையோ படித்துக்கொண்டிருந்தார்,
வெளியே யாருமே இல்லாததுபோல.
ஹார்னை அழுத்தினேன்.
அது போன வருடமே செத்துவிட்டது,
மறந்திருந்தேன்.

இறங்கிப் போய்
கம்பியைத் தட்டினேன்.